ஒரு கொழுந்துகூட வீணாகாது

1

இந்தக் கதை எனக்கு மட்டும் சொல்லப்பட்டதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சொல்லப்பட்ட அன்று என் பக்கத்தில் ஸகீனாவும் உட்கார்ந்திருந்தாள். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் சீனி வருத்தக்காரர்களுக்கான, அதாவது நீரிழிவுக்காரர்களுக்கான கிளினிக். நானும் ஸகீனாவும் அங்கே பழைய ஆட்கள். நம்பர் கூப்பிடும்வரை வாங்கில், அந்த நீளப் பெஞ்சில், உட்கார்ந்து கதை சொல்லுவோம். ஒரு கிளினிக்குக்கு நான் என்றால் அடுத்ததற்கு அவள். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பஸ் நிலையத்தில் பஸ் போர்டுகளைப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். நான் முதலில் படித்த சொல் வெலிமடை. ஸகீனா பள்ளிக்கூடம் போனவள், ஆனால் எழுதமாட்டாள். "எழுதினா கத ஆறிப் போகும் அக்கா" என்பாள்.

யசோதினி என்ற டீச்சர் தன் தாய் வேலாயியைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். தன்னுடைய பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். ஸகீனாவுக்கு இடது காது, எனக்கு வலது காது. கதை உச்சிக்கு வந்த நேரத்தில் வேலாயியின் நம்பரைக் கூப்பிட்டார்கள். தாயைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். வேறு வழியாக வெளியே போய்விட்டாள் போலிருக்கிறது. அதற்குப் பிறகு வேலாயியோடு மகன்தான் வந்தான். கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றான்.

ஆக, முடிவு எனக்குத் தெரியாது. ஸகீனாவுக்கும் தெரியாது.

ஆனால் அடுத்த கிளினிக் ஸகீனாவின் முறை. அவள் இந்தக் கதையை எடுத்தாள், முடிவும் வைத்துச் சொன்னாள். வாங்கு முழுக்க மூக்கைச் சிந்தியது. உள்ளேயிருந்து நர்ஸ்கூட எட்டிப் பார்த்தது. ஒரு கிழவி ஸகீனாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் கையை இத்தனை வருசத்தில் ஒருவரும் அப்படி ஒற்றிக்கொண்டதில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன். வேறு உயர்ந்த காரணம் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள், என் கண்ணுகளே.

2

தொடக்கத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்:

"வளைவில் பஸ் நின்றது. தயானி டீச்சர் குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். பிள்ளைகள் ஓடி வந்தார்கள்."

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்த்தீர்களா, முதல் வரியையே புது டீச்சர் தயானி வாங்கிக்கொண்டுவிட்டாள். கதை யசோதினியுடையது. அவளுக்கு இது தெரிந்தால் எப்படி இருக்கும்? அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்:

"யசோதினி டீச்சர் வழக்கம்போல் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்."

இது நகரவே இல்லை. எப்போதும் அங்கேயே இருப்பவளைக் கதைக்குள் எப்படி வரவைப்பது? பஸ்ஸில் வருகிறவளுக்கு இறங்க ஒரு படி இருக்கிறது. பக்கத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து நடந்து வருகிறவளை யாரும் வழியில் போய் நின்று எதிர்பார்ப்பதில்லை. பிள்ளைகளும் எதிர்பார்க்கவில்லை, இப்போது நானும்.

மூன்றாவது தொடக்கம்: "தொண்ணூற்றொன்பதாம் வருசம், ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் மேல் இரண்டு பேருக்கு ——"

உரிமையா? ஆசையா? சொல் கிடைக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும். விசயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பள்ளிக்கூடம் ஒரே ஒரு நீள மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, கரும்பலகைதான் மறைப்பு. ஒன்பதோடு படிப்பு முடிந்துவிடும். மேலே படிக்கப் பதுளைக்குப் பஸ் ஏற வேண்டும். ஏறாத பெண்பிள்ளைகள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போவார்கள். அடுத்த தையில் முதல்முறையாகப் பத்தாம் வகுப்பு திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது.

யசோதினி அந்தத் தோட்டத்துப் பிள்ளை. தாய் கொழுந்து பறித்தவள். இந்த ஒன்பதாம் வகுப்பை அவள் முதலாம் வகுப்பில் கையில் எடுத்தாள். பிள்ளைகள் வகுப்பேறும்போதெல்லாம் அவளும் கூடவே ஏறினாள். தமிழ், கணக்கு, சமயம், ஆள் இல்லாதபோது விஞ்ஞானம், எல்லாமே அவள்தான். தயானி அந்த வருசம் புதிதாக வந்தவள். விஞ்ஞானத்துக்கென்றே பயிற்சி பெற்றவள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தகப்பன் பதுளைக் கச்சேரியில், அரசாங்கக் காரியாலயத்தில், கிளார்க்காக இருந்தவர்.

அதிபர் பொன்னையா மாஸ்டர் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "வலயக் கல்வி ஆபீசுல இருந்து ஒரு சார் வருவாரு. ஒன்பதாம் வகுப்ப விஞ்ஞானத்துல கேள்வி கேப்பாரு. பாத்துட்டு அவரு யார சொல்றாரோ அவங்கதான் பத்துக்கு வகுப்பாசிரியர். மத்தவங்க கீழ் வகுப்புக்குப் போகணும். என்னைய ஒண்ணும் கேக்கக் கூடாது. நான் நல்லவனாவே ரிட்டயராகணும்."

இவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள் என்பதுதான் கேள்வி.

3

யசோதினியை வதைத்தவை எல்லாம் சின்னச் சின்ன விசயங்கள்.

பிள்ளைகள் காலையில் பஸ் வளைவில் போய் நின்றார்கள். தயானியின் பையை ஒருத்தி, குடையை ஒருத்தி, சாப்பாட்டுப் பெட்டியை இன்னொருத்தி என்று தூக்கிக்கொண்டு ஊர்வலமாக வந்தார்கள். பை தூக்குகிறவள் புஷ்பகாந்தி. வகுப்பில் கெட்டிக்காரி. அவளுக்குச் சோக்குக்கட்டியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கை யசோதினியுடையது.

அதுவரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் "டீச்சர்" என்றால் யசோதினிதான். தயானி வந்த பிறகு ஒருத்தி "சயன்ஸ் டீச்சர்" ஆனாள், மற்றவள் "நம்ம டீச்சர்" ஆனாள்.

"நம்ம டீச்சராம்மா. நம்ம மாடு, நம்ம கூடைங்கிற மாதிரி" என்றாள் யசோதினி தாயிடம்.

"ஏன்டி, நம்மன்னா கசக்குதா ஒனக்கு?" என்றாள் வேலாயி.

"கசக்கல. நம்மளுத யாரும்மா வளைவு வரைக்கும் போயி கூட்டிக்கிட்டு வர்றாங்க?"

"நீயும் போயி பஸ் ஏறி ஒரு சுத்துச் சுத்திட்டு வந்து எறங்கு. தூக்குவாங்க."

கிளினிக் வாங்கில் இதைச் சொல்லும்போது வேலாயி பக்கத்திலேயே இருந்தாள். தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றாள். "நான் நல்லதாத்தான் சொன்னேன்" என்றாள். சொன்னது எது என்று அவளுக்கு ஞாபகம் இல்லை.

(இந்த இடத்தில் தயானி எப்படி இருப்பாள் என்று ஒரு பந்தி எழுதியிருந்தேன். சிவந்த நிறம், நீளக் கூந்தல், பக்கத்தில் வந்தால் பவுடர் வாசனை. எதுவும் எனக்குத் தெரியாது. யசோதினி அவளைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்று: "அவங்க போர்டுல எழுதினா வரி கோணாது." பொறாமையை உங்களுக்குச் சுலபமாக விளங்க வைக்கலாம் என்று அவளுக்கு அழகைப் பூசினேன். கிழித்துவிட்டேன். வரி கோணாமல் எழுதுகிறவள்மேல் பொறாமைப்பட வேறு எதுவும் தேவையில்லை. இந்தத் தாளைப் பார்த்தால் நான் சொல்வது உங்களுக்குத் தெரியும்.)

4

பாடம்.

கரும்பலகைக்கு இந்தப் பக்கம் யசோதினி அந்தப் பாடவேளைக்கு மட்டும் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் தயானியின் குரல்:

"வடிவாக் கேளுங்கோ பிள்ளையள். வானவெளியிலை சின்னச் சின்னக் கல்லுகள், உலோகத் துண்டுகள் சுத்தித் திரியுது. அங்கை திரியுமட்டும் அதுக்குப் பேர் விண்கல். அது பூமியின்ர காத்துக்குள்ளை பாய்ஞ்சு வரேக்கை பயங்கரமாச் சூடாகி எரியும். அப்ப எங்களுக்கு ஒரு ஒளிக்கோடு தெரியும். அந்த ஒளிக்குப் பேர் எரிவெள்ளி. அது நட்சத்திரம் இல்லை. எரிஞ்சு மிஞ்சின துண்டு நிலத்திலை வந்து விழுந்தா அது விண்வீழ்கல். விளங்கிச்சுதோ?"

"வெளங்கிச்சுங்க டீச்சர்!"

அந்த "வெளங்கிச்சு"வை யசோதினிக்குத் தெரியும். விளங்கவில்லை என்பதைப் பிள்ளைகள் அந்தக் குரலில்தான் சொல்வார்கள். கழித்தலை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டாள்.

பின்னேரம் அவளுடைய மேலதிக வகுப்புக்கு வந்தவர்களிடம் கேட்டாள்: "சயன்ஸ் டீச்சர் என்னாடி சொன்னாங்க?"

புஷ்பகாந்தி எழுந்தாள். "மூணு வகக் கல்லு இருக்குங்க டீச்சர். பெருசு விண்கல், நடுத்தரம் எரிவெள்ளி, பொடிசு விண்வீழ்கல்."

"யாரு அப்பிடிச் சொன்னா?"

"சல்லடையில சலிச்சா அப்பிடித்தானே வரும். எங்கப்பா ஸ்டோருல* பெருந்தூளு, நடுத்தூளு, பொடித்தூளுன்னு பிரிக்கிறாருல்ல?"

[*நம் ஆட்களுக்கு ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. கடை இல்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.]

பிள்ளைகள் செய்த பிழை இதுதான். ஒரு பொருளுக்கு மூன்று பேர் என்றால் மூன்று ரகம் என்று எடுத்துக்கொண்டார்கள். வேறு ஊர்ப் பிள்ளைக்கு இது தோன்றாது. யசோதினிக்கு அது கேட்ட நொடியில் பிடிபட்டது. பிடிபட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. பயிற்சிக் கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள் அல்லவா?

"தூள விடு. செடிக்குப் போவோம். செடியில இருக்கிறப்போ அதுக்குப் பேரு என்னா?"

"கொழுந்து!"

"ஸ்டோருல அடுப்புக் காத்துல வாட்டுறப்போ நம்ம லயம் வரைக்கும் என்னா வருது?"

"வாசம்!"

"கொழுந்து தெரியுதா?"

"தெரியாது. வாசந்தான் தெரியும்."

"கடசில பொட்டியில வந்து விழுறது?"

"தூளு!"

"கொழுந்து ஒண்ணா மூணா?"

புஷ்பகாந்தியின் முகத்தில் வெளிச்சம் ஏறுவதைப் பார்த்ததாக யசோதினி சொன்னாள். "ஒண்ணுதாங்க டீச்சர். எங்க இருக்குங்கிறதப் பொறுத்துப் பேரு. மேல திரியிறப்போ விண்கல். எரியிறப்போ நாம பாக்கிறோம்ல, அந்த வெளிச்சம் எரிவெள்ளி. அது வாசம் மாதிரி. கீழ விழுந்தா விண்வீழ்கல்."

ரமேஸ் என்றொரு குறும்புக்காரன். "அப்ப மேலயும் கங்காணி இருப்பாரா டீச்சர்?"

"இருப்பாரு. ஒன்னையப் போல வாயாடிக்குப் பாதிப் பேருதான், அரை நாள் சம்பளந்தான் போடுவாரு. ஒக்காருடா."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாடம் முடிந்துவிட்டது. ஆனால் தன் குரல் கரும்பலகையைத் தாண்டிப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தயானி அந்தப் பக்கத்தில் பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். யசோதினி குரலை உயர்த்தி ஒரு வரியைக் கூட்டிச் சொன்னாள்:

"ஞாபகம் வச்சுக்கங்க. ஒரு கொழுந்துகூட வீணாகாது!"

பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். பாட்டுப்போல இருந்தது. மறுபடியும் சொன்னார்கள்.

அந்தப் பாடத்தில் பிழையான வரி அது ஒன்றுதான். அவளுக்கு அதிகம் பிடித்த வரியும் அதுதான்.

5

அடுத்த நாள் இடைவேளை. தேத்தண்ணிக் கோப்பையோடு தயானி வந்தாள்.

"டீச்சர், நீங்களோ பிள்ளையளுக்கு அந்தத் தேயிலைக் கதை சொன்னது?"

"ஏன், சொல்லக் கூடாதா?"

"ஐயோ, அப்பிடிச் சொல்லேல்லை. சோக்கா இருக்கு. எனக்கு ஏன் அது வரேல்லை எண்டு பஸ்ஸுக்குள்ளை யோசிச்சுக்கொண்டே வந்தனான்."

"கொழுந்து பறிச்சிருந்தா வந்திருக்கும் டீச்சர்."

தயானி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பிள்ளையள் என்னட்டை ஒரு கேள்வியும் கேக்கிறேல்லை" என்றாள். "தலையாட்டுதுகள். பையைத் தூக்குதுகள். குடையைப் பிடிக்குதுகள். விளங்காட்டில் உங்களட்டை ஓடி வருதுகள். நான் வந்து இவ்வளவு நாளாச்சு, என்னட்டை ஒரு பிள்ளையாவது 'விளங்கேல்லை' எண்டு சொன்னதில்லை. உங்களைப் பாத்தா எனக்கு எரிச்சலா இருக்கு, தெரியுமோ?"

யசோதினி அதை நம்பவில்லை. பொறாமைப்படுகிறவளிடம் போய் உன்மேல் எனக்குப் பொறாமை என்றால் எப்படி நம்புவாள்? தன்னைக் கேலி செய்கிறாள் என்றே நினைத்தாள்.

"பையைத் தூக்குற கை ஒங்களுக்குக் கெடச்சிருக்கு, பத்தாதா?"

"அதை விடுங்கோ. அந்தக் கடைசி வரியிலை மட்டும் ஒரு சின்ன ——"

"என்னாங்க சின்ன?"

"இல்லை, ஒரு கொழுந்தும் வீணாகாது எண்டது..."

"எங்கம்மா காலம் பூரா பறிச்ச கொழுந்து டீச்சர் அது. ஒண்ணு கொறஞ்சாலும் கணக்கப்புள்ள பேரு வெட்டுவாரு. அதுல கை வைக்காதீங்க. பெருசா ஏதும் இருந்தா ஒங்க பாடத்துல சேத்துக்கங்க."

மணி அடித்தது. தயானி எழுந்து போய்விட்டாள். கோப்பையில் தேத்தண்ணி பாதிக்கு மேல் இருந்தது.

6

இந்த இடத்தில் எனக்குத் தயானிமேல் சந்தேகம் வருகிறது.

அவளுக்குப் பிழை தெரியும். பெரும்பாலான விண்கற்கள் காற்றிலேயே எரிந்து ஒன்றுமில்லாமல் போய்விடும், தரைக்கு வந்து சேருவது கொஞ்சம் என்று அவளுக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானம் அவள் கையில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லித் திருத்தியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன்?

ஸகீனா சொல்வது: "மருவாதிக்கித்தான் அக்கா. அடுத்தவ செல்லிக்குடுத்ததப் புள்ளயள் முன்னுக்குப் பிழையெண்டு செல்றது ஈனமில்லையா?"

நான் நினைப்பது: அந்த வரி வலயத்து சாருக்கு முன்னால் தானாக உடையட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

இரண்டில் எது சரி? எழுதுகிறவள் நான்தானே, தீர்மானித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். "தயானி மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்" என்று எழுதினேன். பேனா அடுத்த சொல்லுக்குப் போக மறுத்துவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எரிச்சலாக இருக்கிறது என்று நேராகச் சொன்னவள் மனதுக்குள் சிரிப்பாளா? அவள் கெட்டவளாக இருந்தால் எனக்கும் யசோதினிக்கும் எவ்வளவு வசதி! நல்லவள்மேல் பொறாமைப்படுவதுதான் கொடுமை. பழி போட இடமே கிடைக்காது.

(வாயில் திரிகிற கதை விண்கல், சொல்லும்போது எரிவெள்ளி, தாளில் விழுந்தால் ஆறிப்போன விண்வீழ்கல் என்று இங்கே ஒரு வரி எழுதி ரசித்தேன். ஸகீனா கேட்டால் "எழுதினா ஆறிப் போகும்டு நான் அப்பவே செல்லலையா?" என்பாள். அவளுக்கு அந்தச் சந்தோசத்தைக் கொடுக்க முடியாது. எடுத்துவிட்டேன். எடுத்ததை எடுத்தேன் என்று மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.)

7

வலயத்து சார் வந்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். தயானி கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். யசோதினி மறைப்புக்கு இந்தப் பக்கம் மூன்றாம் வகுப்போடு இருந்தாள். மூன்றாம் வகுப்புக்குப் படம் வரையச் சொல்லிவிட்டு, மறைப்போடு காதை வைக்காத குறையாக நின்றாள்.

சார் கேட்டார். விண்கல் என்றால் என்ன? சொன்னார்கள். எரிவெள்ளி என்றால் என்ன? சொன்னார்கள். விழும் நட்சத்திரம் என்று சொல்கிறார்களே, அது நட்சத்திரமா? "இல்லைங்க சார்!" விண்வீழ்கல்? அதையும் சொன்னார்கள். பொன்னையா மாஸ்டர் பெருமையில் கழுத்தைத் தடவிக்கொண்டார். சார் புஷ்பகாந்தியைக் கேட்டார்: "மூன்றும் வேறு வேறா?"

"இல்லைங்க சார். ஒரே கொழுந்துதான். மலையில ஒரு பேரு, ஸ்டோருல ஒரு பேரு, பொட்டியில ஒரு பேரு."

சாருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "அபாரம்" என்றார். மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்குக் கால் தரையில் இல்லை. அந்த அபாரம் தயானிக்குப் போய்ச் சேருகிறதே என்ற வேதனையும் கூடவே வந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டு நின்றேன் என்றாள்.

சார் கடைசியாக ஒன்று கேட்டார். பாராட்டிய பிறகு ஒரு பேச்சுக்குக் கேட்கிற கேள்விதான். "அப்ப, வானத்தில எரியிற எல்லாமே கல்லா வந்து நிலத்தில விழுமா?"

ஒன்பதாம் வகுப்பு முழுவதும் ஒரே குரலில், பாட்டாக:

"விழும் சார்! ஒரு கொழுந்துகூட வீணாகாது!"

சார் முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்பிடி விழுந்திருந்தா இந்நேரம் ஒங்க மலையில தேயில இருக்காது பிள்ளைகளே, கல்லுத்தான் இருக்கும். கொழுந்துக்குப் பதிலாக் கல்லு பறிச்சிருப்பீங்க."

பிள்ளைகள் சிரிக்கவில்லை. தாய்மார் பறித்தது ஒன்றும் வீணாகக் கூடாது என்றே கேட்டு வளர்ந்தவர்கள். வந்து சேராமல் நடுவழியில் எரிந்து போகிற ஒன்று இருக்கும் என்று அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"இதை யார் சொல்லித் தந்தது?" என்றார் சார். குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

புஷ்பகாந்தி கரும்பலகையின் ஓரத்தைப் பார்த்தாள். அங்கே யசோதினியின் சேலை நுனி தெரிந்தது.

"நான்தான் சேர்" என்றாள் தயானி. "பிழை என்ரை."

கவனியுங்கள். இதைச் சொல்லும் இடத்தில்தான் ஸகீனாவின் குரல் தழுதழுக்கும், வாங்கு முழுக்க அழும். "பாத்தியளா, அடுத்தவளுக்காகப் பழியத் தன்ட தலையில போட்ட பொண்ண!"

ஆனால் யசோதினி எங்களிடம் சொன்னது வேறு. அவள் முகம் சிவந்து போய்ச் சொன்னாள்: "பைய எடுத்துக்கிட்டா. குடைய எடுத்துக்கிட்டா. அபாரத்த எடுத்துக்கிட்டா. எந் தப்பையுமா எடுத்துக்கணும் அவ? அது ஒண்ணாச்சும் என்னோடதா இருக்கக் கூடாதா?"

மறைப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். கரும்பலகை ஆடியது.

"அது எம் பாடம் சார். கொழுந்தும் என்னோடது, தப்பும் என்னோடது. அவங்களுக்கு இதுல ஒண்ணும் கெடயாது."

இது நேர்மை என்று நினைக்காதீர்கள். நேர்மை மாதிரித் தெரிகிறது. ஸகீனாவின் கதையில் இந்த வரியே கிடையாது. அவளுக்கு இது தேவைப்படவில்லை.

"டீச்சர், நீங்கள் சும்மா இருங்கோ" என்றாள் தயானி. "நான் திருத்தியிருக்கலாம். ஒரு கிழமை என்ரை கையிலை இருந்தது. திருத்தேல்லை."

"நீங்க திருத்தினாலும் அது எம் பாடந்தான்!"

சார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லதுக்குச் சண்டை பிடிக்கிறவங்களப் பாத்திருக்கேன். ஒரு பிழைக்கு ரெண்டு பேர் சொந்தம் கொண்டாடுறத இன்னிக்குத்தான் பாக்கிறேன்" என்றார். பேனாவைத் திறந்தார். எழுத ஒன்றும் வரவில்லை. பொன்னையா மாஸ்டரைப் பார்த்தார்.

பொன்னையா மாஸ்டர் நல்லவராகவே ரிட்டயராக வேண்டியவர். "சார், பத்தாம் வகுப்புல ஒக்காரப் போறது புள்ளைங்கதானே. புள்ளைங்களையே கேட்டுருவோமே" என்றார். "ஏ புஷ்பகாந்தி, எந்திரி. ஒனக்கு எந்த டீச்சர் வேணும்? பயப்படாம சொல்லு."

8

அப்போதுதான் வேலாயியின் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

இந்த இடத்திலிருந்து ஸகீனா வைத்த முடிவு இது: புஷ்பகாந்தி "ரெண்டு பேரும் வேணும்" என்கிறாள். இரண்டு டீச்சர்களும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேரையும் பத்தாம் வகுப்புக்குப் போடுகிறார்.

"பொய்" என்றேன் அவளிடம்.

"ஒங்களுக்கு மட்டும் உண்மை தெரியுமா?"

"தெரியாது. ஆனா இது பொய். அவ அன்னிக்கு நம்மகிட்டச் சொல்றப்போகூட அவளுக்கு ஆறல. கட்டிப்பிடிச்சு அழுதவ அந்தக் கொதியோடயா பேசுவா?"

"அக்கா, நீங்க கத செல்ற மாதிரியா செல்றீங்க, கோட்டுல சாட்சி செல்ற மாதிரில்ல செல்றீங்க. இந்த வாங்குல ஈக்கிறவங்க எல்லாம் சீனியக் கொறன்னு ஏச்சு வாங்கப் போறவங்க. கதையிலயாவது கொஞ்சம் சீனி போடக் கூடாதா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்காகவும் எரிந்தது.

வீட்டுக்கு வந்து நானும் முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: புஷ்பகாந்தி "நம்ம டீச்சர்" என்கிறாள். யசோதினிக்குப் பத்தாம் வகுப்பு கிடைக்கிறது. தயானி பையைத் தானே தூக்கிக்கொண்டு வளைவுக்கு நடக்கிறாள். எழுதி முடித்ததும் பார்த்தேன், கடைசி வரி மறுபடியும் தயானிக்கே போய்விட்டது. படிக்கிறவர்கள் அவள் பின்னாலேயே நடந்து போவார்கள்.

இரண்டாவது முடிவு: "சயன்ஸ் டீச்சர்" என்கிறாள். யசோதினி மறைப்புக்கு இந்தப் பக்கம் வந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் படங்களைப் பார்க்கிறாள். ஒரு பிள்ளை அவளை வரைந்து ——

இல்லை. கண்ணீர் வரவைக்க நானும் ஸகீனாவைப் போலப் பாதை தேடுகிறேன். நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது: அவள் ஒரு பெயரும் சொல்லாமல், "அப்ப எரிஞ்சு போறது எங்க டீச்சர் போவுது?" என்று கேட்கிறாள். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு நாள் இதை வைத்துக்கொண்டு சந்தோசமாக இருந்தேன். பிறகுதான் தோன்றியது, அந்தக் கேள்வியை அவள் யாரைப் பார்த்துக் கேட்பாள்? கேள்வி கேட்கும் பிள்ளையின் கண் ஒரு பக்கம் திரும்பத்தான் வேண்டும். அந்தத் திருப்பமே பதிலாகிவிடும்.

9

ஆகவே புஷ்பகாந்தி இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.

ஒரு கை மேசையில் இருக்கிறது. அவளைப் போல உயரமானவர்கள் அந்த வகுப்பில் யாருமில்லை, அதனால் கடைசி வாங்கு. முன்னால் இருக்கிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் நாலு பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தீர்மானிக்க வேண்டியவர்களுக்குப் பயம், அதனால் அவளை எழுப்பிவிட்டார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒருமுறை இப்படி ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தினார்கள். இந்தியாவுக்கே போய்விட எழுதிக் கொடுப்பதா, இங்கேயே இருப்பதா என்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வழக்கு. முடியாமல் போய், நடுவில் என் தங்கையை நிறுத்திக் கேட்டார்கள். அவளுக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை. ஏதோ ஒன்றைச் சொன்னாள். குடும்பம் இரண்டாகப் போனது. பெரியவர்கள் கடைசிவரை அவளைத்தான் ஏசினார்கள், கேட்ட தங்களை ஒருநாளும் ஏசிக்கொள்ளவில்லை.

கதைக்கு முடிவு வேண்டும் என்பதற்காக இன்னொரு பிள்ளையின் வாயைத் திறக்க வைக்க என்னால் முடியாது. ஸகீனாவை ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவும் முடியாது.

உட்காரும்மா புஷ்பகாந்தி. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். மூடாத பேனாவோடு சார் காத்திருக்கிறார். பொன்னையா மாஸ்டர் கூரையைப் பார்க்கிறார். தயானியும் யசோதினியும் ஆடி நிற்காத அந்தக் கரும்பலகையின் இரண்டு பக்கத்தையும் ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தி பிடியை விட்டாலும் அது விழுந்துவிடும். யாராவது ஒருவர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இவ்வளவு தூரம் என்கூட வந்தவர்கள் நீங்கள். வயது வந்தவர்கள். எழுந்திருங்கள்.